எல்லை தாண்டும் மரம்: அண்டை நிலத்து மரத் தகராறுகளின் வரலாறு

ஒருவருடைய நிலத்தில் நிற்கும் மரத்தின் கிளை, வேர், காய்கனி, சருகு ஆகியவை பக்கத்து நிலத்துக்குள் செல்வதால் ஏற்படும் பிணக்கே அண்டை நிலத்து மரத் தகராறு எனப்படுகிறது. நில உரிமை தோன்றிய காலம் முதல் இந்தத் தகராறும் இருந்து வருகிறது. ஏறத்தாழ 2,600 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்கத்தில் இதற்குச் சட்டம் எழுதப்பட்டது. இன்றும் புதிய சட்டங்கள் இயற்றப்பட்டு வருகின்றன.

பார்வைக்கு இது சிறிய விவகாரம். பக்கத்து வீட்டுத் தென்னையின் மட்டை நம் வீட்டு ஓட்டின் மேல் விழுகிறது. வேம்பின் சருகு தண்ணீர்த் தொட்டியில் சேர்கிறது. அரச மரத்தின் வேர் மதில் சுவரைப் பிளக்கிறது. ஆனால் இப்படித் தொடங்கும் வாய்ப்பேச்சு, இரண்டு தலைமுறை பேச்சுவார்த்தை இல்லாமல் போகும் அளவுக்கு வளர்வதுண்டு. பல நேரங்களில் நல்ல மரம் ஒன்றும் வெட்டுப்பட்டுப் போகிறது. மரத்தையும் உறவையும் இழக்காமல் இந்தப் பிணக்கைத் தீர்க்க ஒவ்வொரு சமுதாயமும் என்ன வழி கண்டது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

நான்கு கேள்விகள்

எந்த நாட்டுச் சட்டத்தை எடுத்துக்கொண்டாலும் மரத் தகராறு நான்கு கேள்விகளுக்குள் அடங்கும்.

1. எல்லையிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி மரம் நட வேண்டும்?
2. எல்லை தாண்டிய கிளையையும் வேரையும் வெட்டும் உரிமை யாருக்கு?
3. எல்லை தாண்டி விழுந்த காய்கனி யாருக்குச் சொந்தம்?
4. மரத்தால் சேதம் ஏற்பட்டால் யார் ஈடு செய்ய வேண்டும்?

இவற்றுக்குக் காலந்தோறும் கொடுக்கப்பட்ட விடைகள் ஒரே மாதிரியானவை அல்ல. சில இடங்களில் நேர் எதிரானவை.

கிரேக்கமும் உரோமும்

ஏதென்ஸ் நகரின் சட்ட அறிஞர் சோலோன் கி.மு. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதல் கேள்விக்கு விடை சொன்னார். மரம் நடுபவர் பக்கத்து நிலத்திலிருந்து 5 அடி தள்ளி நட வேண்டும். அத்தி, ஒலிவ மரங்களானால் 9 அடி தள்ளி நட வேண்டும் என்பது அவர் விதி. புளூடார்க் எழுதிய சோலோன் வரலாற்றில் இது காணப்படுகிறது. அத்தியின் வேரும் ஒலிவத்தின் வேரும் தொலைவு வரை ஓடி அண்டைப் பயிரின் சத்தை இழுத்துவிடும் என்பதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். மரத்துக்கு மரம் வேரின் இயல்பு மாறும் என்பதை அந்தக் காலத்திலேயே சட்டம் கணக்கில் எடுத்துக்கொண்டது கவனிக்கத்தக்கது.

உரோமின் முதல் எழுத்துச் சட்டமான பன்னிரு பலகைகள் கி.மு. 451–450 காலத்தைச் சேர்ந்தவை. அதன்படி, மரத்தின் கிளைகளைத் தரையிலிருந்து 15 அடி உயரம் வரை கழித்துவிட வேண்டும். அண்டை நிலத்துப் பயிருக்கு வெயில் கிடைக்க வேண்டும் என்பது இதன் நோக்கம். காற்றில் சாய்ந்து பக்கத்து நிலத்தின் மேல் வளைந்த மரத்தை அகற்றக் கோரி வழக்குத் தொடுக்கவும் இடம் இருந்தது. மறுபுறம், பிறர் மரத்தை அநியாயமாக வெட்டியவருக்கு மரம் ஒன்றுக்கு 25 'ஆஸ்' நாணயம் தண்டம் விதிக்கப்பட்டது. மரத்தின் உடைமையாளர், அண்டை நிலத்தார் ஆகிய இருவரையும் சட்டம் காத்தது.

மூன்றாவது கேள்விக்கும் உரோமர் விடை வைத்திருந்தனர். பக்கத்து நிலத்தில் விழுந்த பழம் மரத்துக்காரருக்கே சொந்தம். அதைப் பொறுக்க அவர் ஒருநாள் விட்டு ஒருநாள் உள்ளே செல்லலாம். நிலத்துக்காரர் தடுக்கக் கூடாது. பழத்தின் மீதான உரிமையும் நிலத்துக்காரரின் அமைதியும் ஒன்றையொன்று விழுங்காமல் இருக்க எண்ணிச் செய்த ஏற்பாடு இது.

யூத மரபு

கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னாவில், பாபா பத்ரா என்ற பகுதி அண்டை அயலார் உறவைப் பற்றியது. பக்கத்து வயலிலிருந்து 4 முழம் தள்ளியே மரம் நட வேண்டும் என்கிறது அது. பிறருடைய நீர்த்தொட்டியிலிருந்து 25 முழமும், வேர் அதிகம் பரவும் கரோப், காட்டத்தி வகைகளானால் 50 முழமும் தள்ளி நட வேண்டும். பக்கத்து மரத்தின் கிளை வயலின் மேல் நீண்டால், ஏர் ஓட்டுபவரின் தார்க்கோல் தடையின்றிச் செல்லும் உயரம் வரை அதை வெட்டலாம். வேர் ஏர்க்காலில் சிக்கினால் மூன்று கைப்பிடி ஆழம் வரை அறுத்துவிடலாம்.

இங்கே அளவுகோல் உழவுதான். கிளை எல்லை தாண்டியது என்பதற்காக மட்டும் வெட்டவில்லை. வேலைக்கு எவ்வளவு இடையூறோ அவ்வளவே வெட்டினர். ஏறத்தாழ 1,800 ஆண்டுகள் கழித்து இன்றைய நீதிமன்றங்கள் கேட்கும் கேள்வியும் ஏறக்குறைய இதுவே.

இந்தியப் பழைய நூல்களும் தமிழ் ஆவணங்களும்

இந்திய மரபில் மரம் முதலில் எல்லைக்குச் சாட்சியாகவே வருகிறது. மனுஸ்மிருதியின் 8ஆம் அத்தியாயம் ஊர் எல்லையில் ஆல், அரசு, புரசு, இலவு, சால மரம், பனை, பால் வடியும் மரங்கள் ஆகியவற்றை நடச் சொல்கிறது. இவை எளிதில் கண்ணில் படும். பல தலைமுறை நிற்கும். மரம் போனாலும் எல்லை தெரிய வேண்டும் என்பதற்காகக் கல், எலும்பு, உமி, சாம்பல், ஓடு, கரி போன்றவற்றை மண்ணுக்கடியில் புதைத்து வைக்கவும் அந்நூல் கூறுகிறது. அர்த்தசாஸ்திரம் நகரப் பூங்கா மரங்களின் தளிரை ஒடித்தால் 6 பணம், சிறு கிளைக்கு 12 பணம், பெரிய கிளைக்கு 24 பணம் என்று தண்டம் விதித்தது. எல்லை காட்டும் மரங்களானால் தண்டம் இரட்டிப்பாகும்.

இரண்டு வயல்களுக்கு நடுவே எல்லையில் நிற்கும் மரத்தின் காயும் பூவும் இரு நிலத்தாருக்கும் பொது என்று நாரத ஸ்மிருதி சொல்கிறது. எல்லை மரம் இருவருக்கும் பொது என்ற இந்தக் கருத்தைப் பிற்காலத்தில் இங்கிலாந்திலும் செருமனியிலும் காண்கிறோம்.

தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் நிலம் கைமாறும்போது, 'மேல்நோக்கின மரமும் கீழ்நோக்கின கிணறும்' உட்பட என்று எழுதும் வழக்கம் இருந்தது. நிலத்தோடு அதன் மேல் வளர்ந்த மரமும் சேர்ந்தே போகும் என்பது பொருள். இன்றைய கிரயப் பத்திரங்களில் காணப்படும் 'மாவடை மரவடை' என்ற தொடரும் இந்த மரபின் தொடர்ச்சியே. ஆயினும் மரமும் நிலமும் எப்போதும் ஒருவர் கையில் இருக்க வேண்டும் என்பதில்லை. அரசுப் புறம்போக்கில் நிற்கும் மரங்களின் பலனை அனுபவிக்கத் தரப்படும் '2சி பட்டா' இதற்கு எடுத்துக்காட்டு. நிலம் அரசுடையது, மரத்தின் பலன் பட்டாதாரருடையது.

இங்கிலாந்து: லெமன் – வெப் வழக்கு

இந்திய நீதிமன்றங்கள் இன்று பின்பற்றும் கொள்கைகள் பெரும்பாலும் ஆங்கிலப் பொதுச்சட்டத்திலிருந்து வந்தவை. அதில் திருப்புமுனையாக அமைந்தது லெமன் – வெப் வழக்கு.

லெமனுடைய பழைய மரங்களின் கிளைகள் பல ஆண்டுகளாக வெப்பின் நிலத்தின் மேல் நீண்டிருந்தன. வெப் எந்த முன்னறிவிப்பும் கொடுக்காமல், தன் நிலத்தில் நின்றபடியே அவற்றை வெட்டிவிட்டார். விசாரணை நீதிமன்றம் லெமனுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. இறுதியில் 1894இல் பிரபுக்கள் சபை வெப் செய்தது சரி என்று முடிவு கூறியது. இதிலிருந்து மூன்று விதிகள் நிலைபெற்றன.

முதலாவது, எல்லை தாண்டிய கிளையை அண்டை நிலத்தார் தாமே வெட்டலாம். இரண்டாவது, மரத்துக்காரரின் நிலத்துக்குள் கால் வைக்காத வரை முன்னறிவிப்பு தேவையில்லை. மூன்றாவது, கிளை எத்தனை ஆண்டுகள் நீண்டிருந்தாலும் அப்படியே நீண்டிருக்கும் உரிமை மரத்துக்காரருக்குக் கிடைக்காது. கிளை ஆண்டுதோறும் வளர்ந்து மாறிக்கொண்டே இருப்பதால், நடைபாதை உரிமை போல நீண்டகால அனுபவத்தால் அது உரிமையாக உறுதிப்படாது என்பது இதன் அடிப்படை.

ஆனால் வெட்டும் உரிமை எடுத்துக்கொள்ளும் உரிமை ஆகாது. 1919ஆம் ஆண்டின் மில்ஸ் – புரூக்கர் வழக்கில், தன் நிலத்தின் மேல் நீண்ட கிளைகளிலிருந்து ஆப்பிள் பறித்து விற்றவர், அதன் விலையை மரத்துக்காரருக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. வெட்டிய கிளையும் பறித்த பழமும் மரத்துக்காரருக்கே சொந்தம் என்று நீதிமன்றம் கூறியது. பக்கத்து வீட்டு முருங்கை நம் பக்கம் சாய்ந்தால் காய் நமக்கு என்று நினைப்பவர்கள் இந்த வழக்கை நினைவில் கொள்ளலாம்.

வேரால் வந்த வழக்குகள்

கிளை கண்ணுக்குத் தெரியும், வேர் தெரியாது. அதனால் வேர் வழக்குகள் பின்னால்தான் பெருகின. லண்டன் நகரின் பெரும்பகுதி களிமண் மீது அமைந்தது. கோடையில் மரவேர் அந்த மண்ணின் ஈரத்தை உறிஞ்சும்போது மண் சுருங்குகிறது. மேலே நிற்கும் கட்டடத்தின் அடித்தளம் இறங்கிச் சுவரில் வெடிப்பு விழுகிறது. நம் ஊர்க் கரிசல் மண்ணில் கட்டிய வீடுகளிலும் இதே போன்ற சிக்கல் உண்டு.

1957ஆம் ஆண்டின் டேவி – ஹாரோ வழக்கில், எல்ம் மர வேரால் வீடு சேதமானதற்கு மரத்தின் உடைமையாளரான உள்ளாட்சி மன்றம் பொறுப்பாளி எனத் தீர்ப்பானது. மரம் நட்டு வளர்ந்ததா, தானாக முளைத்ததா என்பது முக்கியமல்ல என்றும் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. 2001இல் பிரபுக்கள் சபை முடிவு செய்த டெலவேர் மேன்ஷன்ஸ் வழக்கில், நடைபாதையில் நின்ற ஒரே ஒரு பிளேன் மரத்தின் வேரால் அடுக்குமாடிக் கட்டடம் பாதிக்கப்பட்டது. அடித்தளத்தை வலுப்படுத்த ஆன செலவு சுமார் 5 லட்சத்து 70 ஆயிரம் பவுண்டு. உரிய காலத்தில் அறிவிப்புக் கொடுத்தும் உள்ளாட்சி மன்றம் மரத்தை அகற்றாததால் அந்தச் செலவை அதுவே ஏற்க வேண்டியதாயிற்று.

இந்த இரண்டாவது தீர்ப்பில் ஒரு நுட்பம் உண்டு. மரத்துக்காரருக்கு முதலில் தெரிவித்துச் சரிசெய்ய வாய்ப்புத் தர வேண்டும். வாய்ப்புக் கிடைத்தும் செய்யாதவரே பொறுப்பாளி. முன்னறிவிப்பே தேவையில்லை என்ற 1894ஆம் ஆண்டுப் போக்கிலிருந்து, முதலில் சொல்லிப் பார் என்ற போக்குக்கு ஆங்கிலச் சட்டம் நகர்ந்ததை இங்கே காணலாம்.

பிரான்சு, செருமனி, ஜப்பான்

பிரான்சின் குடிமைச் சட்டத் தொகுப்பு 1804இல் வந்தது. அதன் இன்றைய வடிவில், வேறு உள்ளூர் விதியோ வழக்கமோ இல்லாத இடங்களில், 2 மீட்டருக்கு மேல் வளரும் மரத்தை எல்லையிலிருந்து 2 மீட்டர் தள்ளியும், மற்றவற்றை அரை மீட்டர் தள்ளியும் நட வேண்டும். எல்லை தாண்டிய வேரை அண்டை நிலத்தார் தாமே வெட்டலாம். கிளையை அவர் தொடக் கூடாது. மரத்துக்காரரையே வெட்டச் சொல்ல வேண்டும்.

1900இல் நடைமுறைக்கு வந்த செருமானியச் சட்டத் தொகுப்பு இடைவழி ஒன்றைக் கண்டது. கிளையை அகற்றும்படி நியாயமான கால அவகாசம் கொடுக்க வேண்டும். அதற்குள் அகற்றாவிட்டால் தாமே வெட்டிக்கொள்ளலாம். இடையூறு எதுவும் இல்லாத கிளையை வெட்ட உரிமை கிடையாது. நேர் எல்லையில் நிற்கும் மரத்தின் பழமும், வெட்டினால் மரமும் இருவருக்கும் சமபங்கு.

தானாக விழுந்த பழத்தைப் பொறுத்தவரை இவ்விரு நாடுகளும் உரோமிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் விலகுகின்றன. பக்கத்து நிலத்தில் விழுந்த பழம் அந்த நிலத்துக்காரருக்கே சொந்தம். உள்ளே சென்று பொறுக்கும் சச்சரவே அங்கு எழுவதில்லை.

ஜப்பானின் குடிமைச் சட்டம் 1898இல் நடைமுறைக்கு வந்தது. எல்லை தாண்டிய வேரை வெட்டலாம்; கிளையை வெட்டும்படி மரத்துக்காரரிடம்தான் கேட்க வேண்டும் என்று அதன் 233ஆம் பிரிவு கூறியது. மூங்கில் மிகுந்த நாடு என்பதால் சட்ட வாசகத்திலேயே மூங்கில் இடம்பெற்றுள்ளது. ஆனால் ஊரை விட்டுப் போனவர்களின் ஆளில்லா மனைகள் பெருகவே, யாரிடம் கேட்பது என்ற சிக்கல் எழுந்தது. 2021இல் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கேட்டும் நியாயமான காலத்துக்குள் வெட்டாவிட்டாலோ, உரிமையாளர் யாரென்று தெரியாவிட்டாலோ, அவசரமானாலோ இப்போது அண்டை நிலத்தார் தாமே வெட்டலாம். தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் வெளியூர் சென்றவர்களின் பூட்டிய வீட்டு மரங்கள் இதே சிக்கலைத் தருகின்றன.

அமெரிக்கா: ஓர் ஆலமரத்தின் வழக்கு

அமெரிக்க மாநிலங்கள் இரு வழியாகப் பிரிந்தன. 1931இல் மாசசூசெட்ஸ் உயர் நீதிமன்றம், பக்கத்து வீட்டு மரவேர் கழிவுநீர்க் குழாயை அடைத்த வழக்கில், பாதிக்கப்பட்டவர் வேரைத் தாமே வெட்டிக்கொள்வதுதான் வழி. ஈட்டுத்தொகை கிடையாது என்றது. மரம் வளர்வது இயற்கை. இதற்கெல்லாம் வழக்கு அனுமதித்தால் வழக்குகளுக்கு முடிவிருக்காது என்பது அதன் வாதம். இது மாசசூசெட்ஸ் விதி எனப்பட்டது.

1981இல் ஹவாயில் வந்த வழக்கு ஆலமரத்தைப் பற்றியது. சுமார் 90 அடி உயரமுள்ள அந்த மரத்தின் கிளைகள் பக்கத்து வீட்டின் மேல் பரவிச் சேதம் செய்தன. ஆலமரத்தைக் கையரிவாளால் கழித்துவிட முடியுமா? பாதிக்கப்பட்டவர் ஆள் வைத்து வெட்டி, செலவைக் கேட்டு வழக்குத் தொடுத்தார். நீதிமன்றம் ஒரு வேறுபாட்டை வகுத்தது. நிழல் விழுவதும் இலையும் பூவும் பழமும் உதிர்வதும் வழக்குக்கு உரியவை அல்ல. உண்மையான சேதமோ உடனடி ஆபத்தோ இருந்தால் மரத்துக்காரர் செலவையும் சேதத்தையும் ஏற்க வேண்டும். இது ஹவாய் விதி எனப்படுகிறது. வர்ஜீனியா மாநிலமும் 2007இல் தன் பழைய விதியைக் கைவிட்டு இந்த வழிக்கு வந்தது.

வேலி மரத்துக்கு ஒரு சட்டம்

சில நேரங்களில் ஒரே ஒரு மர இனம் ஒரு சட்டத்தையே கொண்டுவந்துவிடும். வேல்ஸ் நாட்டு லெய்டன் ஹால் பண்ணையில் 1888இல் இரு வகைச் சைப்ரஸ் மரங்கள் தற்செயலாகக் கலந்து லேலண்டு சைப்ரஸ் உருவானது. ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் வளரும், எப்போதும் பசுமை. மறைப்பு வேலிக்காக வாங்கி நட்டவர்கள் கழித்துவிடாமல் விட்டதால், பக்கத்து வீடுகள் இருளில் மூழ்கின. கிளை எல்லை தாண்டவில்லை. ஆனால் வெளிச்சம் போயிற்று. பழைய சட்டத்தில் இதற்குப் பரிகாரம் இல்லை.

இதற்காக 2003ஆம் ஆண்டின் சமூக விரோத நடத்தைச் சட்டத்தில் உயர்ந்த வேலிகள் பற்றிய பகுதி சேர்க்கப்பட்டது. இங்கிலாந்தில் அது 2005 சூனில் நடைமுறைக்கு வந்தது. 2 மீட்டருக்கு மேல் உயர்ந்த பசுமை மாறா வேலியைப் பற்றி உள்ளாட்சி மன்றத்தில் முறையிடலாம். ஆனால் முறையிடுபவர் முதலில் பேசித் தீர்க்க முயன்றிருக்க வேண்டும். இல்லையேல் மன்றம் மனுவை ஏற்காமல் விடலாம். வேலியை முழுவதும் அகற்றவோ 2 மீட்டருக்குக் கீழ் குறைக்கவோ மன்றம் உத்தரவிட முடியாது. அதாவது ஒருவருக்கு வெளிச்சமும் மற்றவருக்கு மறைப்பும் கிடைக்க வேண்டும்.

நியூ சவுத் வேல்ஸ்: மரத் தகராறுக்கெனத் தனிச் சட்டம்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2006இல் அண்டை அயலார் மரத் தகராறுச் சட்டத்தை இயற்றியது. தனியார் நிலத்து மரங்களுக்கென்றே வந்த சட்டம் இது. வழக்கு நிலம், சுற்றுச்சூழல் நீதிமன்றத்துக்குச் செல்கிறது. மரவியல் அறிவுள்ள ஆணையர்கள் பெரும்பாலும் நேரில் வந்து மரத்தடியிலேயே விசாரிக்கின்றனர்.

மனுதாரர் உடன்பாட்டுக்கு நியாயமான முயற்சி எடுத்ததை நீதிமன்றத்துக்குக் காட்ட வேண்டும். மரத்துக்காரருக்கு 21 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். மரம் சேதம் செய்தது, அல்லது விரைவில் சேதமோ காயமோ ஏற்படுத்தும் என்பது நிறுவப்பட வேண்டும். அதோடு மரத்தால் அந்த இடத்துக்குக் கிடைக்கும் நிழல், அழகு, பறவைகளுக்கான புகலிடம் ஆகியவற்றையும் நீதிமன்றம் எடைபோடுகிறது. மரம் முதலில் நின்றதா, வீடு பின்னால் வந்ததா என்பதும் பார்க்கப்படும்.

2007இல் இந்த நீதிமன்றம் ஒரு கொள்கையை வகுத்தது. மரங்கள் உள்ள நகரத்தில் வாழ்ந்து அவற்றின் பயனை அனுபவிப்பவர், உதிரும் இலையையும் பூவையும் பெருக்கிச் சுத்தம் செய்வதையும் ஏற்க வேண்டும். சருகுக்காக மட்டும் மரத்தை வெட்ட உத்தரவிட முடியாது. 2010இல் சட்டம் விரிவாக்கப்பட்டு, 2.5 மீட்டருக்கு மேல் உயர்ந்த வேலிமரங்கள் வெயிலையோ காட்சியையோ மறைக்கும் தகராறுகளும் சேர்க்கப்பட்டன.

இந்தியாவும் தமிழ்நாடும்

இந்தியாவில் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. பல சட்டங்களின் பிரிவுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1882ஆம் ஆண்டின் ஈஸ்மெண்ட் சட்டம் பிறர் நிலத்தின் மீதான வசதியுரிமை பற்றியது. அது தொடக்கத்திலேயே சென்னை மாகாணத்தில் நடைமுறைக்கு வந்தது. 20 ஆண்டுகள் தடையின்றி அனுபவித்தால் பாதை, நீர், வெளிச்சம் போன்றவற்றில் உரிமை பிறக்கும். இருபது ஆண்டாகக் கிளை நீண்டிருந்தால் அதுவும் உரிமையாகுமா என்ற கேள்வி 1894இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் எழுந்தது. ஆகாது என்பதே விடை. லெமன் – வெப் வழக்கும் அதே ஆண்டில் முடிவானது என்பது குறிப்பிடத்தக்கது.

மரத்தால் தொடர்ந்து இடையூறு ஏற்பட்டால் உரிமையியல் நீதிமன்றத்தில் உறுத்துக்கட்டளையும் இழப்பீடும் கோரலாம். கிளையை அகற்றும்படி செயலுறுத்துக் கட்டளை பெற 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டம் இடமளிக்கிறது.

மரம் விழுந்து ஆட்களுக்குக் காயம் ஏற்படும் நிலையில் இருந்தால் வேறு வழி உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவின்படி, அக்கம்பக்கத்தில் வசிப்போருக்கோ வழியில் செல்வோருக்கோ ஆபத்தான மரத்தை அகற்றவும் முட்டுக்கொடுக்கவும் நிர்வாக நடுவர் உத்தரவிடலாம். 2024 சூலை 1 முதல் இது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவாக உள்ளது. சாய்ந்து நிற்கும் தென்னை, பட்டுப்போன புளி போன்றவற்றுக்குக் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுப்பது இதன் அடிப்படையில்தான். சருகு விழுகிறது, நிழல் விழுகிறது என்பதற்கெல்லாம் இப்பிரிவு பொருந்தாது.

பக்கத்து நிலத்துக்குள் புகுந்து மரத்தை வெட்டினாலும், வெட்டியதைத் தூக்கிச் சென்றாலும் அது குற்ற வழக்காகும். மண்ணில் ஊன்றி நிற்கும் வரை மரம் திருட்டுக்குரிய பொருள் அல்ல. வெட்டிப் பிரித்த உடனே அது திருட்டுக்குரிய பொருளாகிவிடும் என்பது இந்தியத் தண்டனைச் சட்டம் முதல் இன்றுவரை தொடரும் விதி. இரவோடு இரவாக வேரில் அமிலம் ஊற்றுவதும் அண்டையாரின் சொத்துக்குச் செய்யும் சேதமே.

தன் மரத்தையே வெட்டுவதற்கும் சில இடங்களில் அனுமதி வேண்டும். மலைப்பகுதிகளில் 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். பனை மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. ஆகவே பக்கத்து வீட்டார் கேட்டுக்கொண்டார் என்பதற்காக உடனே கோடரியை எடுத்துவிட முடியாது.

இலங்கை

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காறுகளைத் தொகுத்த தேசவழமை 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸினால் எழுதப்பட்டது. பன்னிரு தமிழ் முதலியார்கள் அதைப் பார்த்து ஒப்புதல் அளித்தனர். 1806இல் பிரித்தானியர் அதற்குச் சட்டத் தகுதி தந்தனர். பிறர் நிலத்தில் ஒருவர் மரம் நட்டால் பலனை எவ்வாறு பங்கிடுவது என்பதும் அதில் பேசப்படுகிறது. பனையும் தென்னையும் வாழ்வாதாரமாக இருந்த மண்ணில் மரம் சட்டத்துக்குள் வந்ததில் வியப்பில்லை.

இன்றைய இலங்கையில் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி மத்தியஸ்த சபைகள் இயங்குகின்றன. குறித்த மதிப்புக்கு உட்பட்ட பிணக்குகள் முதலில் இச்சபைக்குச் செல்ல வேண்டும். இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் இருந்தால்தான் நீதிமன்றம் வழக்கை ஏற்கும். வேலி, எல்லை, மரம் போன்ற அயலவர் சச்சரவுகளுக்கு இது ஏற்ற ஏற்பாடு.

இன்று செய்யக்கூடியவை

தமிழ்நாட்டில் இத்தகைய பிணக்கு எழுந்தால் பின்வரும் வரிசை பயன் தரும்.

முதலில் மரம் யாருடையது என்பதை உறுதிசெய்ய வேண்டும். அடிமரம் எந்த நிலத்தில் நிற்கிறதோ அவரே உடைமையாளர். எல்லையில் ஐயம் இருந்தால் பட்டாவையும் புலப்படத்தையும் வைத்து நில அளவரைக் கொண்டு அளக்க வேண்டும். மரத் தகராறு என்று தொடங்கும் பல வழக்குகள் உண்மையில் எல்லைத் தகராறுகளே.

அடுத்து, நேரில் பேச வேண்டும். 'மரத்தை வெட்டு' என்று தொடங்காமல், எந்தக் கிளை, எந்த வேர், என்ன சேதம் என்று காட்டிப் பேசுவது நல்லது. பெரும்பாலும் ஒரு கிளையைக் கழிப்பது, சாய்ந்த தென்னையைக் கம்பி கட்டி இழுத்து நிறுத்துவது, முற்றிய தேங்காயைக் காலத்தில் பறிப்பது ஆகியவையே போதும். செலவை எப்படிப் பகிர்வது என்பதையும் அப்போதே பேசிக்கொள்ளலாம்.

பேச்சில் முடியாவிட்டால், புகைப்படங்களோடு எழுத்து மூலம் தெரிவித்துக் கால அவகாசம் தர வேண்டும். பின்னாளில் வழக்கு வந்தால் இதுவே சான்று.

அதன் பிறகும் தீராவிட்டால் வட்டச் சட்டப்பணிகள் குழுவை அணுகலாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் கீழ், வழக்குத் தொடுக்கும் முன்பே மக்கள் நீதிமன்றத்தில் தீர்வு காண முடியும். இரு தரப்பும் ஒப்புக்கொண்ட தீர்வு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். அதன் மேல் மேல்முறையீடு இல்லை. ஊராரின் அமைதியைப் பாதிக்கும் பிணக்குகளுக்குச் சமூக மத்தியஸ்தம் என்ற முறையை 2023ஆம் ஆண்டின் மத்தியஸ்தச் சட்டமும் வகுத்துள்ளது. உரிமையியல் வழக்கு கடைசி வழியாக இருக்கட்டும்.

சோலோன் தொடங்கி நியூ சவுத் வேல்ஸ் வரை பார்த்தால் ஒரு போக்கு தெளிவாகத் தெரிகிறது. பழைய சட்டங்கள் தூரத்தையும் உயரத்தையும் அளந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சட்டம் உரிமையை அளந்து, கத்தியை அண்டையார் கையில் கொடுத்தது. இருபத்தோராம் நூற்றாண்டுச் சட்டங்களோ, முதலில் பேசினாயா என்று கேட்கின்றன. மரத்தின் நிழல் தெருவுக்கெல்லாம் கிடைக்கிறது. ஆனால் சருகும் வேரும் ஒரு வீட்டுக்கே தொல்லையாகின்றன. அந்தத் தொல்லையை மரத்துக்காரர் காது கொடுத்துக் கேட்டாலே பல வழக்குகள் பிறக்காமல் போகும். வெட்டிய மரம் மீண்டும் அந்த அளவுக்கு வளர முப்பது, நாற்பது ஆண்டுகள் ஆகும். அதற்குள் இரண்டு வீட்டிலும் வழக்கைத் தொடங்கியவர்கள் இருக்கமாட்டார்கள். பிள்ளைகள்தாம் பக்கத்துப் பக்கத்தில் வாழ வேண்டியிருக்கும்.